பாலத்துக்குப் பூட்டு

பஸ் டிப்போவில் அவளைக் கன்ட்ரோல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபத்துநாலு பஸ்களை ஓட்டுகிற அத்தனை டிரைவர்களுக்கும் அவள் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். இருபத்தாறு வருடங்களாக, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள், யாருக்கு டயர் போயிற்று என்று கேட்டுக் கேட்டு, யார் எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. சொன்னால் மட்டும் போதாது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பதினெட்டாம் நம்பர், ஆஸ்பத்திரி வழியா போகாதீங்க, மார்க்கெட் வழியா போங்க." "ஆஸ்பத்திரி வேண்டாம், மார்க்கெட் வழி." "சரி." அந்தச் 'சரி' வந்தால்தான் விஷயம் முடிந்தது. ஒரு தடவை, டிப்போவிலேயே மூத்த டிரைவர், மீசைக்காரர், "தெரியும் தெரியும், எனக்கே வழி சொல்றியா?" என்றார். அக்கா வண்டியை எடுக்க விடவில்லை. "திருப்பிச் சொல்லுங்க" என்றாள். பயணிகளோடு பதினோரு நிமிடம் வண்டி நின்றது. பன்னிரண்டாவது நிமிடம் மீசை திருப்பிச் சொன்னது. மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தபோது, "நான் சொன்னது அவர் காதுல விழுந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணுமே சார்" என்றாள். 

பெட்டியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பொத்தானை அழுத்திப் பேசினால் சிவப்பு எரியும். குரல் வெளியே போகிறது என்று அர்த்தம். கையை எடுத்தால் பச்சை. பச்சை எரிகிறவரை நாம் கேட்கிற ஆள்தான், நம் குரல் அறையைத் தாண்டாது. பச்சையில் அக்கா கொட்டாவி விடுவாள், பக்கத்து மேஜைக்காரியிடம் மீசைக்காரரை வாய் நிறையத் திட்டுவாள். சிவப்பில் அவள் வாயிலிருந்து ஒரு வேண்டாத சொல் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் முட்டியில் ஆபரேஷன் ஆகி எட்டு வாரம் வீட்டில் கிடந்தாள். பேசிப் பேசியே பிழைத்தவளுக்குச் சும்மா கிடப்பது பிடிக்கவில்லை. டி.வி.யில் அழுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல். போனைத் தோண்டிக்கொண்டிருந்தபோது 'கோட்டைக்காவல்' என்ற விளையாட்டு அகப்பட்டது. ஓர் ஆறு, ஒரு பாலம், ஒரு கோட்டை, பக்கத்துக்கு நாற்பது பேர். பெயர் கேட்டது. எதிரே பீரோ தெரிந்தது, பீரோவில் பூட்டு தொங்கியது. 'பூட்டு' என்று போட்டாள். எந்த இடம் வேண்டும் என்று கேட்டது. எல்லோரும் குதிரைக்கும் கோபுரத்துக்கும் அடித்துக்கொள்ள, பாலத்தைச் சீந்த ஆளில்லை. பாலத்துக்காரன் நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது, யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், தலையை வெட்டினோம் என்று பீற்றிக்கொள்ளவும் வழியில்லை. அக்கா அதைத்தானே இருபத்தாறு வருடமாகச் செய்கிறாள்? பாலத்தை எடுத்துக்கொண்டாள்.

இந்த மூன்று வருடத்தில் எதிரி ஒருவன்கூட அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை. முட்டி ஆறி வேலைக்குத் திரும்பிய பிறகும் ஞாயிறு நாலு மணி என்றால் அக்கா பாலத்தில்தான் இருப்பாள். அணியில் அவளுக்கு நல்ல மரியாதை. ஆனால் யாருக்கும் அவளைத் தெரியாது, அவளுக்கும் யாரையும் தெரியாது. விளையாட்டுக்குள் பேச வழியில்லை. ஆறு படங்கள் இருந்தன, அவ்வளவுதான். கத்தி, கேடயம், முரசு, கட்டைவிரல், சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி. கேப்டன் முரசை அனுப்புவான், அக்கா கட்டைவிரலை அனுப்புவாள். நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசுகிறவளுக்கு அந்த மௌனம் சொர்க்கமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவளுக்கென்று இருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அந்தச் சொர்க்கத்தில்தான் கேப்டன், கேப்டனுக்கு மட்டும் எழுத வழியுள்ள பலகையில், அறிவிப்பு ஒட்டினான். எதிரணி ஆட்கள் நம் பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்து உளவு பார்க்கிறார்கள். ஆகவே வரும் ஞாயிறு முதல் எல்லோரும் தனியாக ஒரு பேச்சு மென்பொருளை இறக்கிக்கொண்டு அணியின் கூடத்துக்கு வர வேண்டும். மூன்றரைக்குப் பெயர் கூப்பிடப்படும். எழுத்தில் பதில் செல்லாது, வாயைத் திறந்து 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். நாலு மணிக்குள் குரல் கேட்காதவர்களின் இடம் வேறு ஆளுக்கு.

அக்காவுக்கு ஒரே மகன். அவனும் இந்த வீட்டில்தான் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, தெருவில் யார் வீட்டு இணையம் படுத்தாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை மதியம் அவனிடம் போனை நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் போட்டுக் குடுடா."

அவன் படித்தான். முகம் கோணிற்று. "அம்மா, போன்ல நீ பாட்டுக்கு விளையாடுற, சரி. இது வேற. அங்க எல்லாம் வயசுப் பசங்க. பொம்பளை குரல் கேட்டாலே ஓட்டுவாங்க. அதுவும் உன் வயசுல..."

"என் வயசுக்கு என்ன?"

"உன் குரலைப் பதிவு பண்ணி ஊரெல்லாம் சுத்த விடுவாங்க. ஆபீஸ்ல எவனாவது வந்து, 'டேய், இது உங்கம்மாவா'ன்னு கேப்பான்."

"கேட்டா ஆமாம்னு சொல்லு."

"உனக்குச் சொன்னா புரியாது. அதை இறக்கிப் போடவே உனக்கு வராது. சர்வர் முகவரி, போர்ட்டு நம்பர், அழைப்புக் குறி, மைக் அனுமதின்னு ஆயிரம் இருக்கு. விட்டுடும்மா."

'வராது' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் விழுங்கியிருந்தால், ஒருவேளை அக்காவும் விட்டிருப்பாள். விதி யாரை விட்டது? அவள் போனை வாங்கிக்கொண்டு நேரே அலமாரிக்குப் போனாள். மகன் பழசாகிவிட்டது என்று தள்ளிவிட்ட லேப்டாப் அங்கே தூங்கியது. அதைத் துடைத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பழைய டியூட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தாள்.

எதிர் நாற்காலியில் அவள் புருஷன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சண்டை எங்கே நடந்தாலும் அதற்கு எதிர்த்திசையில் நாற்காலியைப் போட்டுக்கொள்கிற சமர்த்தர்.

"பேப்பரை வைங்க. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க."

"நான் என்ன டிரைவரா?"

"சர்வர் முகவரி. திருப்பிச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் எந்த இடத்தில் மறுக்கலாம், எங்கே மறுக்கக்கூடாது என்பது அவருக்கு மனப்பாடம். "சர்வர் முகவரி" என்றார்.

இப்படியே போனது. முகவரி என்பது டிப்போ, போர்ட்டு நம்பர் என்பது டிப்போவின் எந்த கேட் வழியாக நுழைவது என்பது. அவ்வளவுதானே, இதற்கா அவன் அந்த அலட்டு அலட்டினான் என்று அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. அழைப்புக் குறியில் பதினான்கு எழுத்தும் எண்ணும் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாக அவள் வாசிக்க, அவர் திருப்பிச் சொல்ல, ஏழாவது இடத்தில் இருப்பது பூஜ்யமா, வட்டமான இங்கிலீஷ் எழுத்தா என்று ஐந்து நிமிடம் தகராறு. இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள், பூஜ்யம்தான். உறுதி செய்யும் மின்னஞ்சல் வரவே இல்லை. தேடினால் குப்பைப் பெட்டிக்குள் கிடந்தது. "நல்லது எல்லாம் குப்பையிலதான் போய் விழும்" என்று வாத்தியார் தத்துவம் பேசினார். "அதைத் திருப்பிச் சொல்ல வேணாம்" என்றாள் அக்கா.

கடைசியாக மைக். உங்கள் குரலைப் பயன்படுத்த அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. "பரவாயில்ல, கேட்டுக்கிட்டுத்தான் உள்ள வருது" என்று அனுமதி கொடுத்தாள். திரையின் கீழே ஒரு மைக் படம் வந்தது. ஒரு தட்டுத் தட்டினால் பச்சை, மறு தட்டுக்குச் சிவப்பு. அக்கா சிரித்துவிட்டாள். இது மட்டும் தன் வீட்டு விஷயம். இதை அவள் வாத்தியாரிடம் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தை யார் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள்?

ஞாயிறு மூன்றரைக்குக் கூடத்தில் நாற்பது பெயர்கள் வரிசையாக நின்றன. லேப்டாப்பிலிருந்து சத்தம் மீன் மார்க்கெட்டாக வந்தது. ஒருவன் பாடினான், ஒருவன் எதையோ கடித்துத் தின்றுகொண்டே பேசினான், எங்கோ ஒரு குழந்தை அழுதது. அக்கா தலையைப் படிய வாரி, டிப்போவுக்குப் போகிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேப்டன் பெயர் கூப்பிட ஆரம்பித்தான். சின்ன வயசுக் குரல், பணிவான குரல். ஒவ்வொருவராக "இருக்கேன்", "இருக்கேன்" என்றார்கள். அக்காவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபத்தாறு வருடத்தில் வயர்லெஸ் முன்னால் அடித்துக்கொள்ளாத நெஞ்சு.

"பூட்டு?"

மைக் படத்தைத் தட்டினாள். சிவப்பு வந்தது. தெளிவாகச் சொன்னாள்: "பூட்டு இருக்கேன்."

கிணற்றில் போட்ட கல்.

"பூட்டு அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன். நல்லா கேக்குதா?"

"பூட்டு? மூணாவது தடவை கூப்பிடுறேன்."

"இருக்கேங்க! பூட்டு பேசுறேன்!"

ஒருவன் சிரித்தான். பொடிமட்டை என்பது அவன் வைத்துக்கொண்ட பெயர், வடக்குக் கோபுரத்துக்காரன். "அண்ணன் நல்லா தூங்குறாரு போல" என்றான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். "சரி, நாலு மணி வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா பாலத்துக்கு வேற ஆளு" என்றான் கேப்டன். "என் ஃபிரண்டு ஒருத்தன் ரெடியா இருக்கான்" என்றான் பொடிமட்டை.

டிப்போவில் ஒரு கணக்கு உண்டு. நம் பெட்டியில் சிவப்பு எரிந்தால் நம் பக்கம் சரியாக இருக்கிறது, கோளாறு எதிர்ப்பக்கம். அக்கா அந்தக் கணக்கைத்தான் போட்டாள். சிவப்பு கனகச்சிதமாக எரிகிறது. ஆகவே இவர்களுக்குக் கேட்கிறது. கேட்டுக்கொண்டே, பொம்பளைக் குரல் என்றதும் கேட்காத மாதிரி நடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். மகன் சொன்னது பலித்துவிட்டது. அவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. இன்னும் என்னென்ன பேசுகிறார்கள் பார்ப்போம் என்று மைக்கைத் தட்டிப் பச்சைக்கு மாற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மகன் அறையிலிருந்து வந்தான்.

"நான்தான் நேத்தே சொன்னேன்ல? சிரிக்கிறானுங்களா?"

"சிரிக்கட்டும்."

"மூடும்மா அதை. அசிங்கமா இருக்கு. இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? டி.வி. பாரு, தூங்கு, பக்கத்து வீட்டுல போய்ப் பேசிட்டு வா. நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

அக்கா பச்சையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரல் வெளியே போகாது. அறைக்குள் இருப்பது மகனும் புருஷனும்தான். இருபத்தாறு வருடமாகச் சிவப்பில் அடக்கி வைத்த வாயை அவள் திறந்தாள்.

"எந்த நாலு பேருடா? என் முட்டியைக் கிழிச்சுத் தெச்சு எட்டு வாரம் நான் கிடந்தப்போ அந்த நாலு பேர்ல எவன் வந்து பக்கத்துல உக்காந்தான்? நீ காலையில போனா ராத்திரி வருவ. உங்கப்பா பேப்பர்ல விளம்பரம் வரைக்கும் படிச்சு முடிச்சிட்டுத்தான் தலையைத் தூக்குவாரு."

"என்னை எதுக்கு இழுக்கிற?" என்றார் வாத்தியார், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"நீங்க இருங்க. டேய், கேளு. இருபத்தாறு வருஷமா நான் பேசினது பூரா அடுத்தவன் வண்டி எந்தப் பக்கம் திரும்பணும்னுதான். வீட்டுக்கு வந்தா நீ சாப்பிட்டியா, அவரு மாத்திரை போட்டாரா. நான் எந்தப் பக்கம் திரும்பணும்னு ஒரு நாளாவது யாராவது கேட்டீங்களா? ஞாயித்துக்கிழமை நாலுலேருந்து அஞ்சு, அந்த ஒரு மணி நேரம் நான் உங்கம்மா இல்ல, இவரு பொண்டாட்டி இல்ல, கன்ட்ரோலும் இல்ல. நான் பூட்டு. மூணு வருஷத்துல என்னைத் தாண்டி ஒருத்தன் அந்தப் பாலத்துல காலை வெச்சதில்ல. உங்க ஆபீஸ்ல உன்னைப் பத்தி அப்படிச் சொல்ல முடியுமா?"

"அம்மா..."

"அந்தப் பயலுங்க சிரிக்கிறானுங்க. சிரிச்சிட்டுப் போகட்டும். அந்தப் பொடிமட்டை இருக்கானே, அவன் வடக்குக் கோபுரத்தை ஒரு சண்டையிலயாவது உருப்படியா காப்பாத்தியிருக்கானா? ஒவ்வொரு தடவையும் கீழ நின்னு அவனைக் காப்பாத்துறது நான். என் குரல் பிடிக்கலைன்னா அவனுங்க காதைப் பொத்திக்கட்டும். நான் என் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். நீ தலைகீழா நின்னாலும் மாட்டேன்."

மேஜை மேல் இருந்த டம்ளர் அதிர்ந்து அடங்கிற்று. அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது: லேப்டாப்பிலிருந்து சத்தமே வரவில்லை. பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, அழுத குழந்தைகூட வாயை மூடியிருந்தது.

கடைசியில் கேப்டனின் குரல் வந்தது. "பூட்டு அண்ணே... இல்ல, மன்னிச்சுக்கங்க... பூட்டு அக்கா. இருக்கீங்கன்னு தெரிஞ்சுகிட்டோம்."

அக்கா திரையைப் பார்த்தாள். தன் பெயரைச் சுற்றிப் பச்சை வளையம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, பச்சை இருந்தா நீங்க பேசுறது எல்லாருக்கும் கேக்கும். சிவப்புன்னா மைக் மூடியிருக்குன்னு அர்த்தம்."

"எங்க வயர்லெஸ்ல சிவப்புன்னாதான் பேசுறது" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி கூடம் கொல்லென்று வெடித்தது. மகன் முகம் செத்துப்போயிற்று. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார், அவர் அதைச் செய்து பல வருடங்கள் ஆகியிருக்கும். அக்காவின் விரல் லேப்டாப்பின் மூடி மேல் இருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். மூன்று வருடமும் பாலமும் அதோடு போய்விடும். அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாட்டி, கோபுரத்தைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல மாத்திரை போட்டீங்களா?" என்றான் பொடிமட்டை. "கேப்டன், வீட்டுச் சண்டையெல்லாம் நம்ம கூடத்துல ஓடுனா அணி மானம் போயிடும். என் ஃபிரண்டைக் கூப்பிடட்டுமா?"

கேப்டன் இழுத்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாரம் மட்டும் வேற ஆளு நிக்கட்டும். நீங்க மைக் எல்லாம் பழகிக்கிட்டு..."

"நாலு மணிக்குள்ள குரல் கேக்கணும்னு சொன்னீங்க. கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"தேவைக்கு மேலயே கேட்டுச்சு" என்றது வேறொரு குரல், கிசுகிசுப்பாக. "கேப்டன், அக்கா சொன்னதுல என்ன தப்பு? நான் தண்ணித் தொட்டி பாக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு மொட்டை மாடியில உக்காந்திருக்கேன். மூணு வருஷமா என் வீட்டுல எல்லாரும் அந்தத் தொட்டியில ஏதோ கோளாறுன்னே நம்பிக்கிட்டிருக்காங்க."

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. "பாலம் என்னுது. இன்னைக்கு ஒருத்தன் தாண்டினாலும் நானே போயிடறேன், யாரும் அனுப்ப வேணாம்" என்றாள். மணி நாலு அடித்தது.

சண்டை தொடங்கிய மூன்றாவது நிமிடம் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வலது, இடது, வா, போ, ஐயோ, செத்தேன். பேச வழி கிடைத்துவிட்டால் மனிதர்கள் இப்படித்தான், எதிராளியின் காதைப் பற்றி ஒருவனுக்கும் கவலை இல்லை. கேப்டன் "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அக்கா பொறுத்துப் பார்த்தாள். பிறகு அறுபத்துநாலு டிரைவர்களுக்குத் தெரிந்த அந்தக் குரல், அதட்டலும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல், வெளியே வந்தது.

"லைனை விடுங்க."

விட்டார்கள். ஏன் விட்டோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

"பாலத்துலேருந்து எனக்கு எல்லாம் தெரியுது. நான் ஒருத்தரைக் கூப்பிட்டா அவர் மட்டும் பேசணும். சொன்னதைத் திருப்பிச் சொல்லணும். தெற்கு வாசல், மரத்துக்குப் பின்னாடி அஞ்சு பேர். திருப்பிச் சொல்லுங்க."

"தெற்கு... மரத்துக்குப் பின்னாடி அஞ்சு பேர்."

"சரி. வடக்குக் கோபுரம், ஆத்தோரமா எட்டுப் பேர் வர்றாங்க. திருப்பிச் சொல்லுங்க."

"பார்த்துக்கறேன் பாட்டி" என்றான் பொடிமட்டை.

"திருப்பிச் சொல்லு."

"அட, தெரியும், விடுங்க."

மீசைக்காரரையாவது நிறுத்தி வைக்க முடிந்தது. இவனை என்ன செய்வது? நாலு நிமிடத்தில் வடக்குக் கோபுரம் விழுந்தது. ஆத்தோரமாகத்தான் வந்தார்கள், எட்டுப் பேர்தான். அதன் பிறகு பொடிமட்டையின் குரல் மெலிந்து கேட்டது: "இப்ப நான் எங்க போகட்டும்?" "பாலத்துக்குப் பின்னாடி வந்து நில்லு." "பாலத்துக்குப் பின்னாடி." "சரி."

அந்தச் சண்டையில் அணி தோற்றது. இடம் விழுந்தால் அதன் கொடி எதிரிக்கு; ஒரே கொடி வித்தியாசம், அது வடக்குக் கோபுரத்துக் கொடி. ஆனால் பாலத்துக்கு ஏழு தடவை வந்தார்கள், ஏழு தடவையும் வந்த வழியே போனார்கள். 

"அக்கா" என்றான் கேப்டன், "அடுத்த ஞாயிறும் பாலம் உங்களுக்குத்தான்."

"அடுத்த ஞாயிறு, பாலம், பூட்டு" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

கேப்டன் ஒரு நொடி யோசித்தான். பிறகு, "சரி" என்றான்.

மகன் அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "மானம் போச்சு" என்று திங்கட்கிழமை ஒரு தடவை சொன்னான். "உன்னுதா, என்னுதா?" என்று கேட்டாள். "என்னுது போகல, இங்கதான் இருக்கு. உன்னுதை நீ எங்க வெச்சன்னு தேடிப் பாரு." டிப்போவில் அவள் வழக்கம்போலச் சிவப்பில் பேசினாள், பச்சையில் மீசைக்காரரைத் திட்டினாள். பக்கத்து மேஜைக்காரியிடம் மட்டும் நடந்ததைச் சொல்ல, அவள் சிரித்த சிரிப்பில் மூன்று பஸ்களுக்குப் பதில் சொல்லத் தாமதமாயிற்று.

அடுத்த ஞாயிறு மூன்றரை. வாத்தியார் யாரும் சொல்லாமலே அழைப்புக் குறியை மனப்பாடமாக ஒப்பித்தார், ஏழாவது இடத்துப் பூஜ்யம் உட்பட. அக்கா அணியின் கூடத்துக்குள் போனாள். மைக்கைத் தட்டிப் பச்சைக்குக் கொண்டுவந்தாள். இப்போது அவளுக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். பெயர்கள் கூப்பிடப்பட்டுக்கொண்டிருந்தன. பூட்டு என்றதும் "இருக்கேன்" என்றாள். "வணக்கம்க்கா" என்று நாலைந்து குரல்கள் வந்தன, அதில் ஒன்று பொடிமட்டையுடையது.

அறைக் கதவு திறந்தது. மகன் வந்து மேஜைக்கு எதிரே நின்றான். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததெல்லாம் முகத்தில் தெரிந்தது. "அம்மா, இன்னைக்குமா..." என்று ஆரம்பித்தான்.

அக்கா திரையை அவன் பக்கம் லேசாகத் திருப்பி, விரலால் பச்சை வளையத்தைக் காட்டினாள்.

அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"நாப்பது பேர் கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றாள். "சொல்ல வந்ததைச் சொல்லு."

"ஒண்ணுமில்ல." அவன் ஓரடி பின்னால் போனான். "சும்மாதான் வந்தேன்."

"அப்ப நான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் அம்மா விளையாடுவா. திருப்பிச் சொல்லு."

"அம்மா, ப்ளீஸ்..."

"திருப்பிச் சொல்லு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா பேப்பரை உயர்த்திக்கொண்டார். லேப்டாப்பில் நாற்பது பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். மொட்டை மாடிக்காரன் எங்கோ இருமினான்.

"ஞாயித்துக்கிழமை நாலுலேருந்து அஞ்சு வரைக்கும்..." மகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "அம்மா வேலையா இருப்பா."

"வேலையா இல்ல."

அவன் நிமிர்ந்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை. பதினோரு நிமிடம் ஒரு பஸ்ஸையே நிறுத்தி வைத்தவள்.

"விளையாடுவா" என்றான்.

"முழுசா."

"ஞாயித்துக்கிழமை நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் அம்மா விளையாடுவா."

"சரி" என்று சொல்லிவிட்டு, அக்கா பாலத்துக்குத் திரும்பினாள்.